நைடார்ஃபுக்குக் கொடுத்த 200 மணி நேரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறேன். நடுவில் குக்கர் விசில் அடித்த இடத்தையும் எடுத்துவிட்டேன்.)

இந்த எபிசோடு செஸ் ஆடுகிறவர்களுக்கானது. ஆடாதவர்களும் கேட்கலாம். பரீட்சைக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் நெட்டுரு போட்டுக்கொண்டு போன அனுபவம் இருந்தால் போதும், நான் சொல்வது உங்களுக்கும் புரியும்.

போன வருஷம் சென்னையில் ஒரு வீக்எண்ட் டோர்னமெண்ட். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல். நான்காவது ரவுண்டில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு பத்து வயதுப் பையன். உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது, நாற்காலி மேல் முட்டி போட்டுக்கொண்டுதான் போர்டைப் பார்த்தான். எனக்குக் கருப்புக் காய். உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். ஏன்னா, அதற்கு முந்தைய எட்டு மாதமும் கருப்பில் ஆடுவதற்காக ஒரே ஒரு ஓப்பனிங்கைத்தான் படித்திருந்தேன். சிசிலியன் டிஃபென்ஸில் நைடார்ஃப். ஃபிஷரும் காஸ்பரோவும் ஆடிய ஓப்பனிங். அதிலும் பாய்ஸண்ட் பான் என்று ஒரு கிளை இருக்கு. ராணியைத் தனியாக அனுப்பி பி2-வில் இருக்கிற சிப்பாயைச் சாப்பிடுகிற கிளை. அதில் இருபது மூவுக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அவன் ஈ4 வைத்தான். நான் சி5. அவன் சி3.

அவ்வளவுதான். ரெண்டாவது மூவ்லயே என்னோட எட்டு மாசம் முடிஞ்சுபோச்சு.

இதற்குப் பெயர் அலாபின். விசித்திரமான மூவ் எல்லாம் இல்லை, நூறு வருஷத்துக்கும் மேலாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் "இதையெல்லாம் யாரு நம்மகிட்ட ஆடப்போறா" என்று தள்ளிவைத்திருந்தேன். ரெண்டாவது மூவுக்கு 25 நிமிடம் யோசித்தேன். பையன் எழுந்துபோய்த் தண்ணி குடிச்சான், பக்கத்து போர்டை எல்லாம் சுத்திப் பார்த்துட்டு வந்தான். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

61வது மூவில் ரிசைன் செய்தேன். கை குலுக்கினதும் அவன் சொன்னது: "அங்கிள், யானையை ஆறாவது ரேங்க்லயே வச்சிருந்தீங்கன்னா டிரா. ஃபிலிடோர்." நான் ஒண்ணும் பேசாம இருந்ததைப் பார்த்து ஆறுதலாக இன்னொன்றும் சொன்னான். "ஆனா ஓப்பனிங் நல்லாத்தான் ஆடினீங்க."

அந்த ஆறுதல்தான் வீடு வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது. ஏன்னா, அது உண்மை.

ராத்திரி எஞ்சினில் போட்டுப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எஞ்சின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எண் கொடுக்கும். 1 என்று வந்தால் தோராயமாக ஒரு சிப்பாய் அளவுக்கு ஒருத்தர் முன்னால் இருக்கிறார் என்று அர்த்தம். 15வது மூவில் எஞ்சின் காட்டியது 0.3. அவன் கொஞ்சூண்டு மேலே. 23வது மூவில் ஒரு குதிரை ஃபோர்க்கைக் கவனிக்காமல் ஒரு சிப்பாயைக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்துக்கொண்டே போய், கடைசியில் அவனுக்கு யானையும் ஒரு சிப்பாயும், எனக்கு யானை மட்டும். அது செஸ் புத்தகங்களில் இருக்கிற மிகப் பழைய டிராக்களில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோர் விளக்கி வைத்தது. சிப்பாய் போகிற வழியில் ராஜாவை நிறுத்து, யானையை ஆறாவது ரேங்க்கில் வைத்து எதிரி ராஜா உள்ளே வராமல் தடு, சிப்பாய் அந்த ரேங்க்குக்கு வந்ததும் யானையைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இரு. இவ்வளவுதான். இருபது நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் யானையை எட்டாவது ரேங்க்கில் ராஜா பக்கத்தில் பயந்துபோய் உட்கார வைத்தேன். ஈ ஃபைலில் சிப்பாய் இருக்கும்போது அப்படி உட்கார்ந்தால் தோல்விதான்.

அதாவது, 200 மணி நேரம் படித்த விஷயம் போர்டில் வரவே இல்லை. இருபது நிமிடத்தில் படித்திருக்கக்கூடிய விஷயம் வந்தது, அது எனக்குத் தெரியவில்லை.

200 மணி நேரம் என்று சும்மா சொல்லவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, வாரத்துக்கு ஆறு மணி நேரம், எட்டு மாதம். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அந்த எட்டு மாதத்தில் என் ரேட்டிங் 60 புள்ளி இறங்கியிருந்தது. செஸ்ஸை விட்டுவிட்டு ஜிம்முக்குப் போகலாமா என்று யோசித்த காலம் அது.

சரி, கணக்குக்கு வருவோம். நம்ம தொழில் அதுதானே.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது வெள்ளைக்கு 20 மூவ் சாத்தியம். கருப்பு பதிலுக்கு 20. ஆளுக்கு ஒரு மூவ் முடிந்ததும் 400 வழி. வெள்ளை இன்னொன்று ஆடினால் 8,902. கருப்பும் ஆடிவிட்டால் 1,97,281. ஆளுக்கு ரெண்டு மூவ்தான் ஆகியிருக்கு, அதற்குள் ஒரு சின்ன ஊரின் மக்கள்தொகை அளவுக்கு வந்துவிட்டது. இதில் பெரும்பாலானவை அபத்தமான மூவ்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம லெவலில் எதிராளி அபத்தமான மூவ் ஆட மாட்டான் என்று யார் கியாரண்டி கொடுத்தது?

இப்போது என் நைடார்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். அது போர்டில் வருவது என் கையில் மட்டும் இல்லை. வெள்ளை முதலில் ஈ4 ஆடணும். அடுத்து குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவரணும். பிறகு டி4. சிப்பாயை வெட்டித் திருப்பி எடுப்பது தானாக வந்துவிடும், அதை விடுங்கள். அதற்கப்புறம் இன்னொரு குதிரை சி3-க்கு. நான்கு முடிவு, நான்கும் எதிராளியுடையது. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொன்றும் பத்துக்கு ஏழு முறை நமக்குச் சாதகமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24. நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. எனக்குக் கருப்பு வருவது பாதி ஆட்டத்தில்தான், அதனால் எட்டு ஆட்டத்துக்கு ஒன்று. வருஷத்துக்கு 40 கிளாசிக்கல் ஆட்டம் ஆடுகிற எனக்கு ஐந்து நைடார்ஃப். அந்த ஐந்திலும் ஆறாவது மூவில் வெள்ளைக்கு அரை டஜன் நல்ல மூவ் இருக்கு. நான் உருப்போட்ட பாய்ஸண்ட் பான் அதில் ஒன்றுக்கு அடுத்து வருகிற ஒரு கிளை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம்.

ஆபீஸில் நான் இப்படி ஒரு கேஷ் டிசைன் பண்ணி எடுத்துக்கிட்டுப் போனா டீம் லீட் என்ன சொல்வார்? "தம்பி, ஹிட் ரேட் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார். கேஷ் என்றால், அடிக்கடி வருகிற கேள்விக்கு விடையை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது. அடிக்கடி வரவில்லை என்றால் அது வேலையைக் குறைக்காது, இடத்தைத்தான் அடைக்கும். ஓப்பனிங் மனப்பாடமும் அப்படித்தான். அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் அது தங்கம். வராத இடத்தில் அந்த நேரத்தை விடையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதில் போட்டிருக்கலாம்.

அந்தத் தங்கமான இடம் நிஜமாகவே இருக்கு, மேலே. 2000ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவ் உலக சாம்பியன் பட்டத்தைக் கிராம்னிக்கிடம் இழந்தார். முக்கியக் காரணங்களில் ஒன்று பெர்லின் டிஃபென்ஸ். காஸ்பரோவ் ஈ4 ஆடியபோது பெரும்பாலும் கிராம்னிக் அந்தச் சுவரைக் கட்டினார், ராணிகள் சீக்கிரமே போர்டை விட்டுப் போய்விடும், காஸ்பரோவின் தாக்குதல் ஆட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. 15 ஆட்டத்தில் காஸ்பரோவ் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து பான் நகரத்தில் அதே கிராம்னிக்கை நம்ம விஸ்வநாதன் ஆனந்த் ஓப்பனிங்கிலேயே மடக்கினார். ஆனந்த் என்றாலே ஈ4 ஆடுகிறவர் என்று பெயர். அந்த மேட்ச்சில் டி4-க்கு மாறினார். கருப்புக் காயில் மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் செமி-ஸ்லாவின் மெரான் கிளையில், பிஷப்பை பி7-க்குக் கொண்டுபோகிற ஒரு கூர்மையான திட்டத்தைத் தயார் பண்ணி வந்து ரெண்டையும் ஜெயித்தார். அதற்குப் பின்னால் ஒரு டீமே இருந்தது: நீல்சன், காசிம்ஜானோவ், வோய்தாஷெக், நம்ம சூர்யசேகர் கங்குலி. மேட்ச் முடிவு 6.5 - 4.5.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நமக்கு ஆசை வருது. தப்பில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எதிராளி யாரென்று மாதக்கணக்காக முன்னாடியே தெரியும். அவர் நல்ல மூவ்தான் ஆடுவார் என்றும் தெரியும், அதனால் ஹிட் ரேட் அதிகம். அதைவிட முக்கியம், ஓப்பனிங்கில் 0.4 கிடைத்தால் அதைக் கெடுக்காமல் கடைசி வரை கொண்டுபோகிற திறமை அவர்களுக்கு இருக்கு. நான் 15வது மூவில் 0.4 முன்னால் இருந்து என்ன பிரயோஜனம், 23வது மூவில் ஒரு சிப்பாயைத் தானம் பண்ணப்போகிறேனே? ஆயிரம் ரூபாய் நோட்டு நழுவுகிற ஓட்டைப் பாக்கெட்டில் சில்லறையை எண்ணி எண்ணிப் போடுகிற மாதிரிதான் அது. (ஆயிரம் ரூபாய் நோட்டு இப்போ செல்லாது, தெரியும். பழமொழிக்கு வயசாகிடுச்சு.)

சொல்லப்போனால் மேலேயும் எல்லாமே ஓப்பனிங்கில் முடிந்துவிடுவதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் 6.5 - 6.5 என்று சமமாக இருக்கிறார்கள், கடைசி ஆட்டம். ரெண்டு பேர் பின்னாலும் பெரிய டீம், பல மாதத் தயாரிப்பு. எது முடிவு செய்தது? ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு ரெண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. பார்த்துக்கொண்டிருந்த பலர் டிரா என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 55வது மூவில் டிங் யானையை எஃப்2-வுக்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டன. மூலையில் மாட்டியிருந்த டிங்கின் பிஷப்பையும் குகேஷ் கட்டாயப்படுத்தி மாற்றிக்கொண்டார். மிச்சம் இருந்தது ராஜாவும் சிப்பாய்களும். அது சிப்பாய் எண்ட்கேம், முதல் வருஷம் செஸ் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற வகை. 58வது மூவில் உலக சாம்பியன் மாறிவிட்டார். அந்தக் குகேஷைச் சின்ன வயதில் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் ஏறக்குறைய 2500 ஆகும் வரை எஞ்சின் பக்கமே விடாமல் வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லணும். இன்றைக்கு ஓப்பனிங் படிப்பது என்றாலே எஞ்சின் சொல்வதை மனப்பாடம் பண்ணுவது என்று ஆகிவிட்ட காலத்தில், இது சாதாரண முடிவு இல்லை.

அப்போ எவ்வளவு நேரம்தான் படிக்கலாம்? இந்தக் கேள்விக்கு நேரடியாக எண்ணிலேயே பதில் சொன்ன ஒரு பெரியவர் இருக்கிறார். இமானுவேல் லாஸ்கர். 1894 முதல் 1921 வரை, 27 வருஷம் உலக சாம்பியன். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அல்ஜீப்ராவில் இவர் பெயரில் ஒரு தேற்றமே இருக்கு. அதனால் நேரத்தையும் கணக்காகத்தான் பிரித்தார். 1920-களில் எழுதிய செஸ் கையேட்டில், ஒரு சராசரி ஆளை நல்ல ஆட்டக்காரனாக்க 200 மணி நேரம் போதும் என்று சொல்லி அதைப் பங்கு போடுகிறார். விதிமுறைகளுக்கும் பயிற்சிக்கும் 5 மணி. அடிப்படை எண்ட்கேமுக்கு 5. சில ஓப்பனிங்குகளுக்கு 10. காம்பினேஷனுக்கு 20. பொசிஷனல் ஆட்டத்துக்கு 40. மீதி 120 மணி நேரம், ஆடுவதும் ஆடியதை அலசுவதும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை. ஓப்பனிங்குக்கு 200-ல் 10. நூற்றுக்கு ஐந்து. ஒரு மனுஷனை முழு ஆட்டக்காரனாக்க லாஸ்கர் கேட்ட மொத்த நேரத்தையும் நான் நைடார்ஃப் ஒன்றுக்கே கொடுத்திருக்கிறேன்!

"அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை, இப்போ தியரி எங்கேயோ போயிடுச்சு" என்று என் நண்பன் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். நியாயம்தான். லாஸ்கர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளணும் என்று நான் சொல்லவில்லை. மூன்று மடங்காக்கினாலும் நூற்றுக்குப் பதினைந்துதான் வரும். இன்னொன்று, தியரி வளர்ந்தது தியரி தெரிந்தவர்களுக்கு இடையில். என் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவன் சி3 ஆடியபோது, நைடார்ஃபில் பல வருஷமாக வளர்ந்த தியரி முழுவதும் என் மொபைலில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நண்பன் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொண்டுவிட்டேன். ஓப்பனிங்கே தெரியாமல் போனால் பத்தாவது மூவிலேயே கதை முடியும். உதாரணத்துக்கு, ரெண்டு பக்கமும் ஈ சிப்பாயை முன்னால் வைத்து, குதிரைகள் வந்து, வெள்ளை பிஷப்பை சி4-ல் வைத்திருக்கிறது. நீங்கள் கருப்பு, ரெண்டாவது குதிரையையும் எடுத்துவிட்டீர்கள். வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது, எஃப்7-ஐக் குறிவைத்து. நீங்கள் டி5 ஆடுகிறீர்கள், சரியான மூவ். அவன் சிப்பாயால் வெட்டுகிறான். இப்போது யாரும் சொல்லித்தராத ஒருவர் குதிரையால் அதைத் திருப்பி வெட்டுவார், அதுதான் இயல்பாகத் தோன்றும். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7-ல் விழுந்து ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துவிடும். ஃப்ரைட் லிவர் என்று இதற்குப் பெயர். திருப்பி வெட்டாமல் இன்னொரு குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்கணும். இதை போர்டில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம், தெரிந்திருக்கணும். இந்த மாதிரி "தெரிந்திருக்கணும்" வகை விஷயங்கள் நீங்கள் ஆடுகிற ஒவ்வொரு ஓப்பனிங்கிலும் ஒரு கைப்பிடி இருக்கும். அதற்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும். ஆழமாகத் தோண்டுவதற்கு முன்னால் அகலமாகக் கூட்டிப் பெருக்கிவிடணும். அலாபினுக்கு நான் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால், போர்டில் அந்த 25 நிமிடம் போயிருக்காது.

ஓப்பனிங்கில் உபயோகமான இன்னொரு பகுதி, பிறகு எந்த மாதிரி மிடில்கேம் வரும் என்று தெரிந்துகொள்வது. அலாபினில் பல கிளைகளில் வெள்ளைக்கு டி4-ல் ஒரு தனிச் சிப்பாய் வரும், அக்கம்பக்கத்தில் துணை இருக்காது. அதற்கு முன்னால் இருக்கிற டி5 கட்டத்தில் ஒரு குதிரையை நட்டுவிடணும், காய்களை மாற்றி மாற்றி ஆட்டத்தைச் சுருக்கணும், அப்போது அந்தச் சிப்பாய் பலவீனமாகிவிடும். இது தெரிந்தால் 12வது மூவில் எதிராளி என்ன புதுசாகச் செய்தாலும் எனக்கு ஒரு திசை இருக்கும். இதை நான் ஓப்பனிங் படிப்பு என்று சொல்வதா, மிடில்கேம் படிப்பு என்று சொல்வதா? தெரியலை, ரெண்டும்தான்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். சாஸ்திரம் இல்லை, 1500-1600 ரேட்டிங்கில், வேலைக்குப் போகிற ஒருத்தனின் ஏற்பாடு. வாரத்துக்கு அதே ஆறு மணி நேரம். மூன்று மணி நேரம் ஆடுவதற்கும், ஆடியதை எஞ்சின் இல்லாமல் நானே அலசுவதற்கும். ஒன்றரை மணி நேரம் டாக்டிக்ஸ், அதாவது ஃபோர்க், பின் மாதிரியான புதிர்கள். முக்கால் மணி நேரம் எண்ட்கேம். முக்கால் மணி நேரம் ஓப்பனிங். எட்டில் ஒரு பங்கு.

அந்த முக்கால் மணி நேரத்தையும் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. அந்த வாரம் ஆடிய ஆட்டத்தை எடுத்து, எந்த மூவில் எனக்குத் தெரிந்தது முடிந்தது என்று பார்க்கிறேன். அந்த இடத்தில் சரியான மூவ் எது, ஏன் என்று ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மூவ். பக் வந்த இடத்தில் ஒரு டெஸ்ட் எழுதி வைப்போமே, அது மாதிரி. வருஷத்துக்கு 40 மூவ்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நாற்பதும் நிஜமாக எதிராளிகள் ஆடியவை, திரும்ப வரும். இன்னொரு உபயோகமான கருவி, லிசெஸ் தளத்தில் இருக்கிற ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். இலவசம். அதில் ரேட்டிங் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். கிராண்ட்மாஸ்டர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் லெவல் ஆட்கள் அந்த நிலையில் என்ன ஆடுகிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்த அன்றைக்கு, தியரி புத்தகத்தில் ரெண்டு வரி மட்டும் ஒதுக்கியிருந்த மூவ்கள் எல்லாம் அங்கே முன்வரிசையில் வந்து நின்றன.

ரேட்டிங் 2000 தாண்டியவர்களுக்கு இந்த விகிதம் மாறும். எதிராளியும் படித்துவிட்டு வருவார், உங்கள் பழைய ஆட்டங்களை டேட்டாபேஸில் எடுத்துப் பார்த்துவிட்டு வருவார். அங்கே மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆரம்பநிலை என்றால் மாறாக, காய்களை வெளியே கொண்டுவா, நடுக் கட்டங்களைப் பிடி, சீக்கிரம் கேஸ்லிங் பண்ணு, ஒரே காயை ரெண்டு தடவை நகர்த்தாதே, இவ்வளவு போதும். காபாப்ளாங்கா 1921-ல் எழுதிய ஆரம்பப் பாடப் புத்தகம்கூட மேட் பண்ணுவது, சிப்பாயை ராணியாக்குவது என்று கடைசியிலிருந்துதான் தொடங்குகிறது.

பலன் என்ன என்று கேட்பீங்க. ராக்கெட் மாதிரி எல்லாம் ஏறவில்லை. இழந்த 60 புள்ளியைத் திரும்ப எடுத்துவிட்டேன், அதற்கு மேல் கொஞ்சம். யானை எண்ட்கேமில் ரெண்டு அரைப் புள்ளி காப்பாற்றியிருக்கிறேன். நைடார்ஃப் போர்டில் ஒரே ஒரு தடவை வந்தது. பாய்ஸண்ட் பான் இன்னும் வரலை.

என் நேரம் போனது என் பிரச்சினை, அதை விடுங்க. இந்த எபிசோடை நான் பண்ணக் காரணம் வேறு. என் அக்கா பையனுக்கு ஒன்பது வயது. செஸ் வகுப்புக்குப் போகிறான். அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு ஃபைல் கொடுப்பார்கள், அதில் லைன் இருக்கும், அடுத்த வாரம் ஒப்பிக்கணும். ரெண்டு மாதம் முன்னால் ஒரு டோர்னமெண்ட்டில் தோற்றுவிட்டு வெளியே வந்தான். வராண்டாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகை. "மாமா, லைன் மறந்துட்டேன், மாமா." ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். இவன் எதையும் மறக்கவில்லை. ஏழாவது மூவ் வரை அச்சு பிசகாமல் ஆடியிருக்கிறான். எட்டாவது மூவில் எதிராளிதான் ஃபைலில் இல்லாத ஏதோ ஒன்றை ஆடியிருக்கிறான், நல்ல மூவ்கூட இல்லை. இவனும் அதற்குப் பிறகு சுமாராகத்தான் ஆடினான், 19வது மூவில் ஒரு குதிரையைச் சும்மா விட்டுவிட்டான். குதிரை போனதால் தோற்றோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோல்வி என்றால் மறதி, அப்படித்தான் அந்தப் பிஞ்சு மண்டையில் பதிந்திருக்கு. மறந்தவனுக்கு மருந்து இன்னும் மனப்பாடம்தானே?

அக்காவிடம் பேசினேன். "டேய், உனக்கு என்னடா தெரியும், நீயே பத்து வயசுப் பையன்கிட்ட தோத்தவன்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம், "மூணு மாச ஃபீஸ் கட்டியாச்சு" என்றாள். அவனுடைய கோச்சிடமும் ஒரு நாள் பேசினேன். நல்ல மனுஷர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு: அண்டர்-9-ல் ஓப்பனிங் டிராப் தெரிந்த பிள்ளை சீக்கிரம் புள்ளி எடுக்கும், கோப்பை வரும், பெற்றோர் கண்ணுக்குத் தெரியும். எண்ட்கேம் சொல்லிக்கொடுத்தால் பலன் தெரிய ரெண்டு வருஷம் ஆகும், அதுவரை யார் காத்திருப்பார்கள்? நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் குடும்பம் நடத்தணும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். ஒரு மணி நேரம் புதிர் போடுவோம், ராஜாவும் சிப்பாயும் மட்டும் வைத்து ஆடுவோம். அந்த ஆட்டத்தில் என்னை ஜெயிக்கும்போது அவன் மறதியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. போன வாரம் கேட்டேன், "எதிராளி ஃபைல்ல இல்லாத மூவ் ஆடினா என்னடா பண்ணுவே?"

கொஞ்சம் யோசித்தான். "அவன் ஏன் அதை ஆடினான்னு பார்ப்பேன்" என்றான். எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்புறம்," என்றான், "லைன் ஞாபகம் வருதான்னும் பார்ப்பேன்."

இந்தச் சனிக்கிழமை அவனுக்கு வகுப்பில் லைன் டெஸ்ட். 14 மூவ். வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் நான்தான் கேட்டுச் சரிபார்க்கணுமாம், அக்கா சொல்லியிருக்கா.